பயந்த கைக்குத் துவக்குப் பணியாது



கொஞ்சம் நீண்ட பதிவு. வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் நேரம் ஒதுக்கி முழுதாக வாசித்தால் சந்தோசம்.

டிசம்பர் விடுமுறையில் அமெரிக்காவுக்குப் போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஹூஸ்டனில் இருக்கும் ராத்தாதான் டிக்கட் அனுப்பிக் கூப்பிட்டார். திரும்பி வந்து பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து தரம் 10, 11 பொடியன்கள் என்னிடம் கேட்டது நாசாவைப் பற்றியல்ல, அங்குள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றியுமல்ல. ஒரே கேள்விதான். "சேர், நீங்க மெய்யாவே துவக்குச் சுட்டீங்களாமே?"

ஓம், சுட்டேன். ஐந்து ரவை போடும் ஒரு சின்ன ரிவோல்வர். பயிற்சிக் கூடத்தில், ஒருவர் சொல்லித் தர, கடதாசியைப் பார்த்துச் சுட்டேன். வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன கதை ஊருக்குள் வேறு வேறு மாதிரி போய்க்கொண்டிருப்பதால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பொடியன்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

ராத்தாவின் மூத்த மகன், என் மருமகன், வார இறுதிகளில் அந்தக் கூடத்துக்குப் போகிறவன். "மாமா, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். உம்மா உயிரோடு இருந்தால் விட்டிருக்க மாட்டார். நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு இப்போது 46 வயது. கிழக்கில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர் எல்லோரையும் போல நானும் துவக்கின் வாய்ப் பக்கத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரரின் துவக்கு, எஸ்.டி.எப். காரரின் துவக்கு, இயக்கத்தின் துவக்கு, பிறகு எங்கள் ஊர்காவல் படையின் துவக்கு. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டபோது எனக்கு 11 வயது. அந்த இரும்பின் மறுபக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நீண்ட நாளாக இருந்தது.

அமெரிக்கா என்றால் யாரும் போய் எதையும் தூக்கிச் சுடலாம் என்று நினைக்கிறோம். என்னைப் போல சுற்றுலா விசாவில் போனவர் துவக்கையோ ரவையையோ கையில் வைத்திருக்க அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே மருமகன் முதலில் எனக்கு குறுகிய காலத்துக்கான வேட்டை அனுமதிப்பத்திரம் ஒன்றை முறையாக எடுத்தான். கோழி அறுக்கும்போதே முகத்தைத் திருப்பும் கணித வாத்தியாருக்கு டெக்ஸாஸில் வேட்டை அனுமதி! ராத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்.

சொல்லித் தந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. முன்னர் பாடசாலை பஸ் ஓட்டியவராம். நானும் பாடசாலைக்காரன் என்று கேள்விப்பட்டதும் என்னை முன் வரிசை மாணவனைப் போல நடத்தினார்.

முதல் முக்கால் மணித்தியாலம் ஒரு ரவையும் தரவில்லை. மேசையில் வெறும் துவக்கு மட்டும். ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியின் பொயின்ற் 38 ரிவோல்வர். உள்ளங்கைக்குள் முக்கால்வாசி மறைந்துவிடும். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை. நிறை ஏறக்குறைய 400 கிராம், ஒரு இறாத்தல் பாணின் அளவுகூட இல்லை. பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். "பாரமில்லை, சின்னது, லேசு என்று நினைக்கிறீர்கள் அல்லவா? இதுதான் பழகுவதற்கு மிகக் கஷ்டமானது" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு நான்கு விதிகளைச் சொல்லி, என்னைக் கொண்டு திருப்பிச் சொல்ல வைத்தார். எந்தத் துவக்கையும் ரவை நிரம்பியது என்றே நினைத்துக் கையாள வேண்டும். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. அந்த நாட்டில் எந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போனாலும் இந்த நான்கும் சுவரில் ஏதோ ஒரு வடிவில் எழுதியிருக்கும் என்று மருமகன் சொன்னான்.

இரண்டாவது விதியைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று நபிகளார் தடுத்ததைக் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். விளையாட்டுக்கு நீட்டினாலும் கை தன் வசத்தில் இல்லாமல் போய்விடலாம் என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். கை தன் வசத்தில் இல்லாமல் போவது என்றால் என்னவென்று அன்று பின்னேரமே கண்ணால் கண்டேன்.

பிடிக்கும் முறையைக் காட்டினார். ரிவோல்வரில் ரவைகள் இருக்கும் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் சீறும். அந்த இடத்துக்குப் பெருவிரல் போகவே கூடாது. படத்தில் கதாநாயகன் எப்படியும் பிடிப்பான். நிசத்தில் அப்படிப் பிடித்தால் விரல் கருகும்.

அடுத்தது விசை. இந்தச் சின்னத் துவக்கின் விசையை இழுக்க ஏறக்குறைய 5 கிலோ பாரத்தைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். இங்கே பொடியன்கள் கவனிக்க வேண்டும். துவக்கின் நிறை 400 கிராம், அதன் விசையை இழுக்கும் பலம் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். விரல் மட்டும் நேராகப் பின்னால் வராமல் கை முழுவதும் இறுகினால் துவக்கே திரும்பிவிடும். அவர் குழலின் மேல் ஒரு சின்ன நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கச் சொன்னார். வெறும் துவக்குத்தான், ரவை இல்லை. பதினைந்து தடவைக்கு மேல் நாணயம் விழுந்தது. பிறகு ஒரு தடவை நின்றது.

அதன் பிறகுதான் ஐந்து ரவைகளைக் கையில் தந்தார். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. கடதாசி இலக்கு மூன்று யார் தூரத்தில், அதாவது மூன்று மீற்றரும் இல்லை. எங்கள் வகுப்பறையில் கரும்பலகைக்கும் முதல் வாங்குக்கும் இடையிலுள்ள தூரம்.

முதல் வெடி. காதை இரட்டிப்பாக மூடியும் நெஞ்சில் அடித்தது. உள்ளங்கையில் யாரோ பிரம்பால் அறைந்தது போல இருந்தது. ஐந்தும் முடிந்து பார்த்தால் கடதாசியில் மூன்று ஓட்டைகள், மூன்றும் நடுவுக்கு மிகக் கீழே. மற்ற இரண்டும் கடதாசிக்கே போகவில்லை. மருமகன் பின்னால் நின்று தொண்டையைச் செருமினான்.

அந்த அம்மணி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. துவக்கை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரே நிரப்பினார். சில அறைகளில் நல்ல ரவை, சிலவற்றில் சுட்டு முடிந்த வெறும் கோது. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. "சுடுங்கள்" என்றார். ஒன்று வெடித்தது. அடுத்ததை இழுத்தேன், "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. ஆனால் என் கை இருந்த இருப்பு! குழல் இலக்கை விட்டுத் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. வெடி வரப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து, கையைக் கீழே தள்ளியிருக்கிறது.

அவர் சொன்னது இதுதான்: "துவக்கு இப்போது ஒன்றும் செய்யவில்லை. அசைந்தது நீங்கள்."

இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் நிற்கிறேன். ஒரு பாடத்தை இவ்வளவு குறைந்த சொல்லில் இவ்வளவு துப்பரவாக யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை. அந்த அசைவை நான் விரும்பிச் செய்யவில்லை. நிறுத்த நினைத்தாலும் உடனே நிற்கவில்லை. அடுத்த கோதிலும் குனிந்தது, அதற்கடுத்ததிலும் குனிந்தது.

இந்த அசைவு எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு நம்முடைய சமகோண முக்கோணிகளே போதும். இந்தத் துவக்கில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர்தான். முன் குறி வெறும் 1 மில்லிமீற்றர் விலகினால், 7 மீற்றர் தூரத்தில் ரவை ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் விலகிப் போகும். இரண்டு குறிகளுக்கும் இடையில் 60 சென்ரிமீற்றர் உள்ள ஒரு நீண்ட ரைபிளில் அதே 1 மில்லிமீற்றர் விலகினால் 12 மில்லிமீற்றர்தான் பிழைக்கும். சின்னத் துவக்கு கஷ்டமானது என்று அவர் முதலில் சொன்னதன் கணக்கு இதுதான். 1 மில்லிமீற்றரை யார் கண்டார்? பயந்த கை அதைவிடப் பல மடங்கு ஆடும். அப்படியானால் நிற்காமல் ஓடும் ஒருவனை, இருட்டில், நெஞ்சு படபடக்கச் சுட்டால் ரவை எங்கே போகும்? அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் போகும்.

ஒரு பெட்டி, 50 ரவைகள், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் மூச்சைப் பாதியில் நிறுத்தி, முன் குறியை மட்டும் பார்த்து, விசையை ஒரே ஓட்டத்தில் இழுக்கப் பழகினேன். கடைசி ஐந்தும் ஐந்து யார் தூரத்தில் ஒரு கோப்பைத் தட்டுக்குள் அடங்கின. "இதோடு நிறுத்துவோம்" என்றார். விரல் இரண்டு நாள் வலித்தது.

உண்மையைச் சொன்னால், சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு கஷ்டமான வேலையைக் கை பழகிக்கொள்ளும்போது வரும் சந்தோசம். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் இரவு ராத்தா வீட்டில் படுத்திருக்கும்போது அந்த "டிக்" சத்தமும் குனிந்த குழலுமே கண்ணுக்குள் நின்றன.

எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கா ஒருவர் 1990 இல் ஊர்காவல் படையில் சேர்ந்தார். 19 வயது. சில நாள் பயிற்சி, கையில் ஒரு ஷொட்கன். ஊர் எல்லையில் இரவுக் காவல். ஒரு நாள் வேலிக்கு அப்பால் ஏதோ அசைகிறதென்று வெடி வைத்தார். விடிந்து பார்த்தால் ஒரு மாட்டுக் கன்று. ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று பல வருடம் கழித்து என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதிலும் இருக்கவில்லை.

அந்தக் காலத் துவக்குகள் எங்கள் ஊர்களைக் காத்தன என்பது உண்மை. அவை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஜனாஸாக்கள் என்று சொல்ல முடியாது. அதே துவக்குகளில் சில அயலில் இருந்த தமிழ் ஊர்களில், எந்தக் குற்றமும் செய்யாத மக்கள் மீதும் திரும்பின என்பதும் உண்மை. முதலாவதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இரண்டாவதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்களைக் கொன்றவர்களின் ஊர்களிலும் இதே மாதிரி ஒரு பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கத்துத் துவக்கையும் பிடித்திருந்தவை பெரும்பாலும் பயந்த, கோபம் கொண்ட, மிக இளமையான கைகள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்று அவர்களுக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

இனி நம் பொடியன்களுக்கு வருகிறேன்.

2025 பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் பாதாள உலகக் குழுத் தலைவர் ஒருவரை ரிவோல்வரால் சுட்டுக் கொன்றது நினைவிருக்கும். துவக்கைக் கொண்டுவந்தது ஒரு சட்டப் புத்தகத்துக்குள். பக்கங்களின் நடுவை வெட்டியெடுத்து அதற்குள் ஒளித்திருந்தார்கள். மறுநாள் பாடசாலையில் இதைப் பற்றிக் கதைத்த பிள்ளைகளின் முகத்தில் பயம் இருக்கவில்லை. "எப்பிடி பிளேன் பண்ணியிருக்கான் பாத்தீங்களா சேர்!" என்ற வியப்புத்தான் இருந்தது. ஒரு புத்தகத்தின் வயிற்றைக் கிழித்துத் துவக்கு வைத்தவனை என் மாணவன் வியந்து பார்க்கிறான் என்பது ஒரு ஆசிரியனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு. 2019 க்குப் பிறகு நம்மவர்கள் கடைகளும் பள்ளிகளும் அடிவாங்கிய நாட்களிலிருந்து வளர்ந்த பேச்சு. "நம்மட கையிலயும் ஒண்டு இருந்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்." சொல்பவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் துவக்குப் பயத்தைப் போக்கும் என்பதுதான் பிழை. குளிரூட்டிய கூடத்தில், கடதாசியைப் பார்த்து, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித் தரும்போதே என் பயம் குழலை மூன்று மீற்றரில் தரைக்குத் திருப்பியது. கடதாசி என்னைத் திருப்பிச் சுடவில்லை, சத்தம் போட்டு ஓடிவரவும் இல்லை. துவக்கு என் பயத்தைத் தின்றுவிடவில்லை. அதை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வெளியே அனுப்பியது. எங்கே போய் விழும் என்பது என் கையில் இருக்கவில்லை.

துவக்கு நிறைந்த நாட்டில் பயம் குறைந்திருக்கிறதா? ராத்தாவின் கடைசி மகள் அங்கே ஏழாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கதவைப் பூட்டி, லைட்டை நிற்பாட்டி, மூலையில் ஒடுங்கிச் சத்தமில்லாமல் இருக்கப் பழக்குகிறார்களாம். துவக்கோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று. அதே டெக்ஸாஸில் யுவால்டி என்ற ஊரில் 2022 மே 24 ஆம் திகதி ஆரம்பப் பாடசாலைக்குள் புகுந்த 18 வயதுக்காரன் ஒருவன் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். ராத்தா இதைச் சொல்லிவிட்டு, "நாமளும் விளக்க நூத்துப்போட்டு இப்பிடித்தானே தம்பி இருந்தம்" என்றார். நாங்கள் யுத்தத்தில் பழகியதை அந்தப் பிள்ளை சமாதான காலத்தில் பழகுகிறாள்.

மருமகன் நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் துவக்கைப் பூட்டுப் பெட்டியில் வைத்து, ரவையை வேறு இடத்தில் வைத்துப் பூட்டினான். அவனுக்கும் அந்த அம்மணிக்கும் துவக்கு என்றால் விதியும் பொறுப்பும். அதை நான் மதிக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்வது அந்த விதிகள் அல்ல. படமும் ஃபிரீ ஃபயரும் ரிக்ரொக்கும்தான். அங்கே உள்ளங்கை வலிக்காது, காது அடைக்காது, ரவை தவறிப் பின்னால் நிற்கும் பிள்ளை மேல் படாது.

குறி பார்த்துச் சுடும் ஆசையே பிழை என்று நான் சொல்லவில்லை. அது மூச்சையும் மனத்தையும் அடக்கும் ஒரு கலை. 1994 இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் எயார் ரைபிள் சோடிப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். அந்த வழியில் போக விரும்பும் பிள்ளைக்கு மாணவர் படையணியும் முறையான விளையாட்டும் இருக்கின்றன. அதற்குப் பொறுமை வேண்டும். கள்ளத் துவக்கை வியந்து பார்க்கும் பிள்ளை தேடுவது அதையல்ல. தன்னை எல்லோரும் மதிக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்பதைத்தான் அவன் தேடுகிறான். அதை வேறு வழியில் நாம்தான் கொடுக்க வேண்டும்: வீட்டில், வகுப்பில், பள்ளிவாசலில், மைதானத்தில்.

பெற்றோரிடமும் ஊரின் மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1990 ஐக் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஊர்காவல் படையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் கிழமை ஒரு இரவாவது போனை ஓரமாக வைத்துவிட்டு, துவக்கு ஊருக்குள் வந்தபோது எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீரத்தை மட்டும் சொல்லாமல் பயத்தையும் சொல்லுங்கள். கை நடுங்கியதையும், வெடி வைத்த பிறகு தூக்கம் வராத இரவுகளையும் சொல்லுங்கள். எந்தப் படமும் அதைக் காட்டாது. உங்கள் வாயால் கேட்டால் பிள்ளை நம்பும்.

அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். என் மாணவர்களும் இதை வாசிக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.